ஐம்பத்து மூன்றில் தொடங்கும் ஊருக்கு

மக்கா,

நேற்றுக் காலையில் நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. உன் மாமியார் போய்விட்டார் என்றாய். தேயிலை வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தோட்டத்திலேயே உட்கார்ந்தார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்துவிட்டது, மறுநாள் மத்தியானமே அடக்கமும் முடிந்தது என்றாய். நான் ஐயோ என்று சொல்லி வாயை மூடுவதற்குள், "எம்மா, நீ வரணும்னு நான் பறையல்ல, கேட்டியா. அறிஞ்சிருக்கட்டும்னு சொன்னேன், அவ்வளவுதான்" என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன், அதில் எனக்கு ஒன்றும் குறைவில்லை. நீ கோபப்படவில்லை. கரண்ட் பில் கட்டியாச்சு என்று சொல்வதைப் போலச் சொன்னாய். அம்மா எப்படியும் வரமாட்டாள் என்று தீர்மானமாகத் தெரிந்துகொண்ட பிள்ளையின் குரல் அது. அந்தப் பாடத்தை உனக்கு நடத்தியவள் நான்தான்.

அதனால்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ வேண்டாம் என்பாய், எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், பேச வந்தது ஒன்றாகவும் பேசியது வேறாகவும் முடிந்துவிடும். நம் இரண்டு பேருக்கும் அது வாடிக்கை. பென்ஷன் வாங்கும் வரை ஊரார் எழுதின கடிதங்களின்மேல் முத்திரை குத்தினேனே தவிர, சொந்தமாக நான் எழுதினது குறைவு. கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். உன் அப்பா ஹாலில் உட்கார்ந்து பத்திரிகை வாசிப்பதாகப் பாவனை செய்கிறார். அரை மணி நேரமாக ஒரே பக்கம்தான்.

என்னைப் பற்றி உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஆனாலும் இதை எழுதாமல் அடுத்ததை எழுத முடியாது. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து கிழவியானவள் நான். ஒரு ஆளைப் பார்த்தால் பேரைக் கேட்பதற்கு முன்னால் பின்கோடைக் கேட்பேன். கல்யாணமாகி நாகர்கோவிலிலிருந்து இங்கே கேரளத்துக்கு வந்தபோது, 629 என்பது 695 ஆனது, முதல் இலக்கம் மாறவில்லை, அதனால் வேற்றூருக்கு வந்த மாதிரியே தோன்றவில்லை என்று உன் அப்பாவிடம் சொன்னேனாம். அவர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். நீ வேலைக்குப் போகத் தொடங்கியதும் ஆரியசாலை மாமா ஜாதகத்தை எடு என்று நச்சரித்தார். என் அண்ணனுக்கு மிளகு, சுக்கு மொத்தக் கடை. வருகிற வியாபாரிகளில் பாதிப்பேர் வீட்டில் பெண் இருக்கும். ஆறில் தொடங்குகிற ஊர் எதுவானாலும் எனக்குச் சம்மதம் என்று நான் பெரிய மனது பண்ணிச் சொன்னேன். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் மொத்தமாக விட்டுக்கொடுத்துவிட்டாளே என்று அண்ணன் கேலி செய்தார். அவ்வளவு தாராளமாக இருப்பதாகத்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டுக்கு நாம் போன நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு விதுரைக்கு மாற்றல் வந்திருந்த சமயம். நீ பத்தாம் கிளாஸ் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தாய். தபால் ஆபீஸில் என்னோடு வேலை பார்த்தவளின் தங்கைக்கு அந்த எஸ்டேட்டில் பேறுகாலம் என்று பார்க்கப் போனேன், உன்னையும் கூட்டிக்கொண்டேன். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தாய். மேலே போனதும் எல்லாம் மறந்து, கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு முன்னால் போய் நின்றுகொண்டாய். நம்ம பக்கத்துப் பெண்கள்தான், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாத்தா காலத்தில் மலையேறியவர்கள். மழையில் நனைந்து கொண்டுவந்து கொட்டுகிறார்கள், எழுதுகிறவர் தண்ணீர்க் கழிவு என்று ஒவ்வொரு எடையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டே எழுதுகிறார். நீ எல்லாருக்கும் கேட்கும்படி, "அந்த அக்கா கொண்டுவந்ததை எதுக்குக் குறைச்சு எழுதுகாரு?" என்றாய். நான் உன் தொடையில் கிள்ளினேன். "அது இங்கத்த முறை. முறைன்னா நாம கேக்கப்பிடாது" என்றேன். நீ கேட்டது சரி என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். இருந்தும் முறை என்ற வார்த்தையைப் போட்டு உன் வாயை அடைத்தேன். அதே வார்த்தையைப் பின்னால் உன் கல்யாணத்துக்கும் போட்டேன்.

நீ அந்தக் கேள்வியை விடவில்லை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, மற்றப் பையன்கள் அமெரிக்க பாங்குகளுக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தபோது, கொழுந்தின் எடையைத் தராசிலிருந்து நேராகக் கம்ப்யூட்டருக்கே கொண்டுபோகிற ஏற்பாட்டை எழுதினாய். நடுவில் யாரும் குறைக்க முடியாது என்று என்னிடம் சொல்லும்போது உன் முகத்தில் இருந்த சிரிப்பு எதற்கென்று எனக்குப் புரிந்தது, புரியாத மாதிரி இருந்தேன். போனக்காட்டுக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. எஸ்டேட்டே தள்ளாடத் தொடங்கிவிட்டது. எங்கேயோ துருக்கியில், ரிஸே என்ற மாகாணத்தில், தேயிலை வாங்கும் இடங்களுக்கு அந்த ஏற்பாடு வேண்டும் என்று உன்னை அனுப்பினார்கள். மழைக்காலம் முடியும் முன் வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனாய். அங்கே மழைக்காலம் முடிவதே இல்லை என்பது நீ போன பிறகுதான் தெரிந்தது.

முதல் தடவை நீ அங்கிருந்து பேசினபோது நான் கேட்ட முதல் கேள்வி, சாப்பிட்டாயா என்பதல்ல, பின்கோடு என்ன என்பது. நீ சிரித்துக்கொண்டே 53200 சாயெலி என்றாய். அங்கே ஊருக்கு முன்னால் பின்கோடை எழுதுகிறார்கள் என்றும் சொன்னாய். மறுநாள் ஆபீஸ் முடிந்து பிரௌசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்தேன். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில் புடவையும் குடையுமாக நான். அந்த மாகாணத்தின் தபால் கோடுகள் எல்லாம் போட்டு, ஊருக்கு ஊர் ரெண்டு வரி விவரமும் எழுதின ஒரு பக்கம் கிடைத்தது. பிரிண்ட் எடுத்து வந்து பருப்பு டின்னுக்கு அடியில் வைத்து, குக்கர் விசில் வரும் வரை வாசிப்பேன். மாகாணங்களை அகர வரிசையில் நிறுத்தி எண் கொடுத்திருக்கிறார்கள், ரிஸேக்கு ஐம்பத்து மூன்று. வண்டியின் நம்பர் தகட்டிலும் அதே ஐம்பத்து மூன்று. இந்த ஒழுங்கு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. 53300 பஸார், நம்ம சாலைக் கம்போளத்துக் கடைத்தெரு மாதிரி இருக்குமாக்கும் என்று நினைத்தேன். 53400 அர்தெஷென். பின்னால் மலை, முன்னால் கருங்கடல், நடுவில் கொஞ்சம் தரை. அந்த நாட்டிலேயே அதிகம் மழை பெய்கிற இடம். தேயிலை வருவதற்கு முன்னால் சோளமும் பஞ்சமும்தான், ஆண்பிள்ளைகள் கடல் தாண்டி ரொட்டிக்கடை வேலைக்குப் போய்விடுவார்களாம், தேயிலை வந்த பிறகுதான் வீட்டில் தங்கினார்கள் என்று எழுதியிருந்தது. பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதை நிறுத்திய ஊர் என் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருஷம் பொங்கலுக்கு உனக்கு அனுப்பின வாழ்த்து அட்டை ஆந்திரா போய்த் திரும்பின கதையைச் சொல்லிச் சொல்லி நீ என் மானத்தை வாங்கியிருக்கிறாய். உறையில் ஆறு கட்டம் அச்சடித்திருக்கும். உங்கள் பின்கோடு அஞ்சு இலக்கம். காலிக் கட்டத்தை வெறுமனே விடக் கூடாது, கோடு கிழித்து அடைக்க வேண்டும் என்பது நான் படித்த பாடம், கிழித்தேன். செங்குத்தாக நின்ற அந்தக் கோட்டை ஒன்று என்று வாசித்துவிட்டார்கள். 532001, ஸ்ரீகாகுளம். அங்கே சாயெலியும் இல்லை, என் மகனும் இல்லை. பங்குனியில் அட்டை வீட்டுக்கே வந்து சேர்ந்தது. துருக்கி என்று கொட்டை எழுத்தில் இங்கிலீஷில் எழுதியிருந்தேனே, அதைப் பார்க்கத் தெரியாதா என்று நான் குதித்தேன். சட்டப்படி நான் செய்தது சரி. இது என் சுபாவம் மக்கா, நான் சரியாகத்தான் செய்வேன், போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது.

பிறகு எலிஃப் என்ற பேரைச் சொன்னாய். நீ குடியிருந்த மாடிவீட்டுக்காரியின் மகள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர். அவள் அம்மா ஹதிஜே, புருஷன் இல்லை, வீட்டுக்குப் பின்னால் சரிவில் சொந்தமாகத் தேயிலை, தானே வெட்டித் தானே சுமந்து கொண்டுபோய்ப் போடுவார். ஹதிஜே என்றால் நம்மூர் கதீஜாதான் என்று நீ விளக்கம் சொன்னாய், அப்படிச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பக்கமாகத் தெரியும் என்று நினைத்திருப்பாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆறுக்கு வெளியே என்றேன். மதம் என்று சொல்ல வாய் கூசியது. இத்தனை வருஷம் கவுண்டரில் எல்லா மதத்துக்காரருக்கும் மணியார்டர் எழுதிக் கொடுத்தவள். அதனால் பின்கோடு என்று சொன்னேன். அண்ணன் வந்து ஆடினார். உன் அப்பா மறுநாள் போய் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். சாலைக் கம்போளத்தில் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டரும் வாங்கினார். நானும் மெள்ள மெள்ள இறங்கித்தான் வந்தேன். மாசங்கள் போகப் போக, சரி, அவன் வாழ்க்கை என்று என் வாயாலேயே சொன்னேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், முறையாக வந்து அழைக்க வேண்டும், எங்களுக்கு இல்லாவிட்டாலும் தாய்மாமனுக்கு.

உனக்கு லீவு கிடைக்கவில்லை. தேயிலையின் முதல் வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையில்தான் அந்த ஊரில் கல்யாணம், அந்த இடைவெளியில்தான் உன் தராசுகளையும் பழுது பார்க்க வேண்டும். நீ கல்யாணக் கடிதத்தைத் தபாலில் போட்டாய். மாமாவுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. எங்கள் உறையோடு ஒரு சின்னப் பார்சலும் வந்தது, அதில் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட கனத்த துணி ஒன்று. கடிதத்தின் மூலையில் மஞ்சள்கூடத் தடவவில்லை. அண்ணன் தன் கடிதத்தை எடுத்துக்கொண்டு கடையிலிருந்து நேரே இங்கே வந்தார். "தாய்மாமனுக்குத் தபால்ல கடிதாசியா, எட்டி? சீட்டுக் கம்பெனிக்காரன் அனுப்புகது மாதிரி? அழையா வீட்டுக்கு நுழையாச் சம்பந்தியா நாம?" என்றார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, நம் வழக்கம் அது. பந்துக்களுக்கு நேரில் போய், வெற்றிலை பாக்கோடு, கையில் கொடுக்க வேண்டும். தபாலில் வந்த அழைப்பு அழைப்பே இல்லை, அதற்குப் போகிறவனுக்கு மரியாதை இல்லை. வாழ்நாள் முழுக்கத் தபாலில் சோறு தின்றவள் நான், எத்தனை ஆயிரம் கல்யாணக் கடிதங்களுக்கு முத்திரை குத்தியிருப்பேன், அவை எல்லாம் அழைப்பில்லை என்று என் மனசுக்குள் ஒரு சட்டம் இருந்திருக்கிறது பார்.

போகவேண்டாம் என்று நான் சொன்னேன். அண்ணன் சொல்லவில்லை, நான் சொன்னேன். அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் மாமா தடுத்துவிட்டார் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய், நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அண்ணன் கத்திவிட்டு, காப்பி குடித்துவிட்டு, "நீ பெத்தவ, நீ போயிட்டு வா, எனக்கு அது வேற" என்று சொல்லித்தான் இறங்கிப் போனார். உன் அப்பா ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "முறைன்னு பாத்தா, பெத்தவங்க இல்லாத கல்யாணம் எந்த முறையில சேரும்?" என்று கேட்டார். நம் வீட்டில் அவர் குரலை உயர்த்தியதே இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை. நீங்கள் வேண்டுமானால் போங்கள் என்றேன். நான் இல்லாமல் அவர் பஸ் ஸ்டாண்டுக்குக்கூடப் போகமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன். ஸ்வெட்டரை மடித்து நாஃப்தலின் உருண்டை போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். அந்தத் துணியை நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். புது மிக்ஸி வாங்கியிருந்தோம், தூசி விழாமல் அதற்குப் போர்த்தினேன்.

கல்யாணத்துக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ போன் செய்யும்போது, பேசி முடித்ததும் ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டு உன் மாமியார் வருவார். தோட்டத்தில் இந்தச் சரிவிலிருந்து அந்தச் சரிவுக்குக் கூப்பிட்டுப் பழகின குரல், போனே வேண்டாம், சன்னலைத் திறந்தால் கேட்டுவிடும் போல இருக்கும். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரே ஒரு வார்த்தை. "வாங்க" என்பார். நான் "ஆகட்டும், ஆகட்டும்" என்பேன். மறுபடியும் "வாங்க, வாங்க" என்பார். கிளிப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி பையன் சொல்லிக்கொடுத்திருக்கிறான் என்று உன் அப்பாவிடம் சொல்லிச் சிரிப்பேன். அடுத்த ஞாயிறும் அதே வார்த்தை. வருஷக்கணக்காக அதே வார்த்தை. நேரில் வந்து அழைக்கவில்லை என்று பிடிவாதம் பிடித்தவளை, அந்த அம்மாள் வாரம் தவறாமல் தன் வாயால், என் பாஷையில், என் காதிலேயே அழைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு உறைக்கவில்லை. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று யாராவது எதையாவது திருப்பித் திருப்பிச் சொன்னால் காதை மூடிக்கொள்கிற பழக்கம் எனக்கு உண்டு, அதுவாகத்தான் இருக்கும்.

நீ போன தடவை தனியாக வந்தாய். எலிஃபுக்குப் பள்ளிக்கூடம் என்றாய், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. வந்த அன்று நான் நெத்திலி அவியல் வைத்தேன். அங்கேயும் நெத்திலிதான் எல்லாவற்றுக்கும், ரொட்டிக்குள்கூட வைப்பார்கள் என்று சொல்லிக்கொண்டே அடுக்களைக்குள் வந்தாய். மிக்ஸிக்கு முன்னால் வந்ததும் பேச்சு நின்றுபோயிற்று. துணியின் ஒரு ஓரத்தைப் பிடித்துப் பார்த்தாய். விட்டாய். புது மிக்ஸியைத்தான் பார்க்கிறாய் என்று நினைத்து, மூணு ஜார் உண்டு, தேங்காய் நல்லா அரையும் என்றேன். நீ "கொள்ளாம், நல்லா இருக்கு" என்றாய். அவ்வளவுதான். இலையில் உட்கார்ந்து ரெண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாய். அந்த ஒரு நிமிஷத்தில் நீ என்னைத் திட்டியிருக்கலாம், துணியைப் பிடுங்கி என் முகத்தில் எறிந்திருக்கலாம். எறிந்திருந்தால் அந்த அம்மாள் உயிரோடு இருக்கும்போதே எனக்குத் தெரிந்திருக்கும். முறையைக் கேள்வி கேட்காதே என்று போனக்காட்டில் கிள்ளினேனே, அந்தக் கிள்ளு உன் வாயை அன்றைக்கும் அடைத்துவிட்டதோ என்னவோ.

நேற்றுச் சாயங்காலம் எலிஃபிடம் துக்கம் விசாரிக்க நானே போன் செய்தேன். இதற்கு முன்னால் நானாக அவளுக்குப் போன் செய்ததில்லை. என் இங்கிலீஷ் கவுண்டர் இங்கிலீஷ், அவளுடையது பள்ளிக்கூட இங்கிலீஷ், இரண்டு பேரும் அழுதுகொண்டே பேசியதால் இலக்கணத்தை யாரும் பார்க்கவில்லை. அவள் கேட்டாள், அம்மா அனுப்பின துணி உங்களிடம் இருக்கிறதா என்று. இருக்கிறது என்றேன். எங்கே என்று நல்லவேளை கேட்கவில்லை. அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் கல்யாணத்துக்கு அழைப்பது கடிதத்தால் அல்லவாம். யார் கண்டிப்பாக வர வேண்டுமோ அவர்களுக்குத் துணி கொடுப்பார்களாம். துணி கொடுத்தால் இருக்கையும் போட்டாயிற்று என்று அர்த்தம். நேரில் வர முடியவில்லையே என்று அவள் அம்மா வருத்தப்பட்டு, ஒரே தறியில் நெய்த இரண்டை வாங்கி, ஒன்றை எனக்கு அனுப்பிவிட்டு இன்னொன்றைத் தனக்கு வைத்துக்கொண்டாராம். சம்பந்தி இதைத் தலையில் கட்டிக்கொண்டு வருவார், நானும் கட்டிக்கொள்வேன், அப்போது யாருக்கும் எங்கள் பாஷை வேண்டியிருக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாராம். நான் வரவில்லை என்பதால் அவர் தன்னுடையதையும் கட்டவில்லை. முந்தாநாள் சவப்பெட்டியின் மேல் அதைத்தான் விரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

போனை வைத்துவிட்டு மிக்ஸியின் மேலிருந்த துணியை எடுத்தேன். ராத்திரியே சோப்புப் போட்டு, காலையில் வெயிலில் போட்டு, மறுபடியும் சோப்புப் போட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது, மஞ்சள் கறை போகவில்லை. நாலு மூலையிலும் என் அடுக்களை மஞ்சள். கல்யாணக் கடிதத்தின் மூலையில் மஞ்சள் தடவவில்லை என்று உன்னைக் குறை சொன்னேன். உன் அப்பா அதைக் கொடியிலிருந்து எடுத்து மடித்துத் தந்தார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று என்னை நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அவர் அலமாரியைத் திறந்து ஸ்வெட்டர் மடிப்பிலிருந்து நாஃப்தலின் உருண்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறார்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் பெற்ற வாய் சும்மா இருக்காது. ஒருத்தர் வழக்கம் உனக்குப் புரியாவிட்டால் வாய்விட்டுக் கேட்டுவிடு, என்னிடமும் கேள், எதிர்த்தும் கேள். அம்மா மனசு நோகுமே என்று துணியைப் பார்த்துவிட்டுச் சோறு தின்னாதே. என் மனசு நொந்தால் நொந்து ஆறும், மக்கா. அந்த அம்மாள் மனசு நொந்தது, ஆறுவதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. எலிஃபிடம் எல்லாவற்றையும் பேசு. நம் வீட்டில் பாதிப் பேச்சு அடுக்களையிலேயே நின்றுபோகும், அந்த வழக்கத்தை மட்டும் அங்கே கொண்டுபோகாதே.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நல்லதுக்கு அழைத்தால்தான் போக வேண்டும், துட்டிக்கு, சாவு வீட்டுக்கு, யாரும் அழைக்க வேண்டாம், காதில் விழுந்ததும் கிளம்பிவிட வேண்டும். இதுவும் நம் முறைதான். ஆகவே, நீ வரச் சொல்லாததைப் பற்றி எனக்குக் கவலையில்லை, நாங்கள் கிளம்புகிறோம். அண்ணனிடம் சொன்னேன். டிக்கெட்டுக்கு ஆள் பார்த்துத் தருகிறேன் என்றார், பிறகு கடையிலிருந்து நல்ல மிளகாக ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பியிருக்கிறார், அங்கே சும்மா கையோடு போய் நிற்காதே என்று. பதினாறுக்கு வந்து சேர முடியாது. நாற்பதாம் நாள் வீட்டில் ஓதுவார்கள் என்று எலிஃப் சொன்னாள், அதற்குள் வந்துவிடலாம் என்று டிராவல்ஸ்காரப் பையன் சொல்கிறான். பாஸ்போர்ட் இரண்டும் அந்தக் கல்யாணத்துக்கு எடுத்ததுதான், இன்னும் செல்லும், ஒரு முத்திரைகூட விழாமல் புதுசாக இருக்கிறது. விசாவுக்குத்தான் ஒரு தாள் குறைகிறதாம். அங்கே குடியிருக்கிறவர் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம், அசல், வேண்டுமாம். பையன் அதைச் சொன்னபோது நான் ஒரு நிமிஷம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புக்கு என்ன ஆண்ட்டி என்று கேட்டான்.

அழைப்புக் கடிதம் ஒன்று அனுப்பு, மக்கா. நீ வந்து தர வேண்டாம், வெற்றிலை பாக்கு வேண்டாம். தபாலில் போடு, போதும். நான் தினமும் பத்து மணிக்கு வாசலில் நிற்பேன்.

நாங்கள் வந்து இறங்கும்போது நீ ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், எலிஃபுக்கும் சொல்லி வை. அந்தத் துணியைத்தான் கட்டிக்கொண்டு வருவேன், கறையோடு. வாசற்படியில் என்னைப் பார்த்ததும் பழக்கத்தில் உங்கள் வாயில் வந்துவிடும். துட்டி வீட்டில் யாரையும் "வாங்க" என்று சொல்லக் கூடாது. நம் முறைகளில் இந்த ஒன்றையாவது நான் ஒழுங்காகக் காப்பாற்றுகிறேன். அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியவள் எனக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

அம்மா